இளைஞரின் இருதயமும் தடுப்பூசியும்

நோயைத் தடுப்பதற்கென்று போடப்படும் ஊசி, இருதயத்தையே நோகச் செய்யுமா? இந்த வினா 2021ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வீடுகளில் எழுந்த வண்ணம் இருக்கின்றது. பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்கின்றார்கள். ஊசி போட்டுக்கொண்ட வாலிபர்கள் கேட்கின்றார்கள். வைத்தியரிடம் கேட்க அஞ்சி அயலாரிடம் கேட்போரும் உளர்.

ஆம், மிகச் சிலருக்கு அவ்வாறு நேர்ந்தது என்பதே விடை. ஆயின் அந்த ‘ஆம்’ என்ற சொல்லோடு நிறுத்திவிடுவோமாயின் நாம் கூறியது பாதி உண்மையே ஆகும். எத்தனை பேருக்கு நேர்ந்தது? எவ்வயதினருக்கு நேர்ந்தது? எவ்வளவு கடுமையாக நேர்ந்தது? ஊசி போடாதிருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்டாலன்றி முழு உண்மை புலப்படாது. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

அழற்சி என்பது யாது?

இருதயம் ஏறக்குறைய நம் கைமுட்டி அளவான ஒரு தசைப்பை. ஒரு நாளில் சுமார் ஓர் இலட்சம் முறை அது சுருங்கி விரிகின்றது. அதனைச் சுற்றி மெல்லிய உறையொன்று உண்டு. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுடுவதை யாவரும் அறிவோம். அதுவே அழற்சி. உடலின் காவற்படை பகைவனை எதிர்க்கும்போது எழும் ஆரவாரம் அது. அந்த ஆரவாரம் இருதயத் தசையில் எழுமாயின் அதனை இருதயத் தசை அழற்சி என்பர். உறையில் எழுமாயின் இருதய உறை அழற்சி என்பர். இரண்டும் ஒருங்கே வருதலும் உண்டு.

இது கொரோனாத் தடுப்பூசியோடு உலகில் தோன்றிய புதிய நோயன்று. கொக்சாக்கி என்னும் வைரசு, இன்புளுவென்சா வைரசு முதலியவை நெடுங்காலமாக இதனை விளைத்து வந்துள்ளன. தொண்டைக்கரப்பன் கண்ட குழந்தைகளிற் பலரை மாய்த்தது, அந்நோய்க் கிருமி கக்கிய நஞ்சு இருதயத் தசையைத் தாக்கியமையே. எக்காரணத்தால் வந்தாலும் இந்த அழற்சி பெண்களைவிட ஆண்களையே, அதிலும் இளைஞரையே கூடுதலாகப் பற்றும் இயல்புடையது. இவ்வியல்பை வாசகர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

பழைய அம்மைப்பால் கற்பித்த பாடம்

தடுப்பு மருந்துக்கும் இருதய அழற்சிக்கும் உள்ள தொடர்பும் முற்றிலும் புதிதன்று. வைசூரிக்கு எதிராக அம்மைப்பால் குத்திய சிலருக்கு இருதய அழற்சி கண்டதாக 1950களிலேயே வைத்திய சஞ்சிகைகளில் தனித்தனி அறிக்கைகள் வெளிவந்தன. ஆயினும் வைசூரி ஊரூராக மனிதரை வாரிக்கொண்டு போன காலத்தில் எவரும் அவற்றைத் தொகுத்துக் கணக்கிடவில்லை. 1980ஆம் ஆண்டில் வைசூரி உலகைவிட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அம்மைப்பாலும் மறக்கப்பட்டது.

2002ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க அரசாங்கம், பகைவர் வைசூரிக் கிருமியை ஆயுதமாக ஏவக்கூடும் என்றஞ்சித் தன் படைவீரருக்கு மீண்டும் அம்மைப்பால் குத்தத் தொடங்கியது. இம்முறை ஒவ்வொருவரையும் கண்காணித்துக் கணக்கு வைத்தனர். 2003ஆம் ஆண்டு மார்ச் நடுப்பகுதி வரையில், வாழ்நாளில் முதன்முறையாக அம்மைப்பால் குத்திக்கொண்ட 2,30,734 பேரில் 18 பேருக்கு இருதய அழற்சி கண்டது. ஏறக்குறைய 12,800 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அப்பதினெண்மரும் 21 வயதுக்கும் 33 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர். ஊசி குத்தி 7 முதல் 19 நாட்களுக்குள் அவர்களுக்கு மார்வலி தோன்றியது. முன்னரே ஒருமுறை அம்மைப்பால் குத்தியிருந்த 95,622 பேரில் ஒருவருக்கேனும் இந்நோய் காணப்படவில்லை.

இதிலிருந்து கற்ற பாடம் யாதெனில், ஒன்றைத் தேடினால்தான் அது கண்ணிற்படும் என்பதே. அம்மைப்பால் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வழக்கில் இருந்தது. அதன் அரிய பக்கவிளைவின் அளவு தெளிவானதோ அதன் கடைசிக் காலத்திலேதான்.

இஸ்ரேல் நாட்டின் கணக்கு

கொரோனா நோய்க்கெதிராகப் பைசர், மொடேர்னா என்னும் தடுப்பூசிகள் 2020ஆம் ஆண்டின் இறுதியில் வழக்கிற்கு வந்தன. இவை எம்.ஆர்.என்.ஏ. என்னும் புதிய முறையில் அமைந்தவை. இஸ்ரேல் நாடு அவ்வாண்டு டிசம்பரிலேயே பைசர் ஊசியைப் போடத் தொடங்கி, சில மாதங்களில் தன் குடிமக்களிற் பெரும்பாலோருக்குப் போட்டு முடித்தது. சிறிய நாடு, ஒவ்வொருவரின் வைத்தியக் குறிப்பும் கணினியில் பதிவாகியுள்ள நாடு. ஆதலால் அரிய பக்கவிளைவொன்று உண்டாயின் முதலில் அங்கே புலப்படுதல் இயல்பே.

அவ்வாறே புலப்பட்டது. ஊசி போட்டுக்கொண்ட 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் 275 பேருக்கு இருதயத் தசை அழற்சி கண்டதாகவும், 16 முதல் 30 வயது வரையான ஆடவரிடத்தில் அதற்கும் இரண்டாவது ஊசிக்கும் தொடர்பிருத்தல் கூடுமென்றும், அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் வெளிப்படையாக அறிவித்தது.

பின்னர் அந்நோயாளரின் குறிப்புகளை வைத்தியர்கள் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தனர். வேறு காரணத்தால் வந்தவை நீக்கப்பட்டன. ஊசிக்குப் பின் வந்ததாக உறுதியாகவோ பெரும்பாலும் உறுதியாகவோ கொள்ளத்தக்கவை 136 எனக் கண்டனர். அவர்களுள் 129 பேருக்கு நோய் இலேசாகவே இருந்தது. ஒருவர் கடுமையான அழற்சியால் உயிரிழந்தார். அந்த ஓர் உயிரையும் நாம் கணக்கிலிருந்து மறைத்தல் ஆகாது.

இரண்டாவது ஊசியின் பின் ஆடவரில் 26,000 பேருக்கு ஒருவரும், பெண்களில் 2,18,000 பேருக்கு ஒருவரும் இந்நோய்க்கு ஆளாயினர். வயது வாரியாகப் பார்த்தபோது வேறுபாடு இன்னும் துலக்கமாயிற்று. 16 முதல் 19 வயது வரையான இளைஞரில் 6,637 பேருக்கு ஒருவர் என்னும் வீதம் காணப்பட்டது. ஓர் இலட்சம் இளைஞருக்கு ஊசி போட்டால் ஏறக்குறைய 15 பேர் என்பது இதன் பொருள். எத்தனை பேருக்கு, எவ்வயதினருக்கு, எவ்வளவு கடுமையாக என்னும் முதல் மூன்று வினாக்களுக்கும் விடை இவ்வாறு கிடைத்தது.

முன்னரே ஏன் தெரியவில்லை?

“ஆயிரக்கணக்கானோரில் பரிசோதித்தோம் என்றார்களே, அப்போது இது ஏன் தெரியவில்லை? மறைத்துவிட்டார்களா?” என்று கேட்போர் உண்டு. கணக்குப் படிக்கும் மாணாக்கர் தாமே இதற்கு விடை காணலாம்.

ஒரு பக்கவிளைவு ஓராயிரம் பேரில் ஒருவருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஓராயிரம் பேருக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் அது கட்டாயம் தோன்றும் என்று எண்ணிவிடலாகாது. தோன்றாமலும் போகலாம். ஒருவரிலேனும் அது தோன்றுமென நூற்றுக்கு 95 பங்கு நம்பவேண்டுமாயின் மூவாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். புள்ளிவிபர அறிஞர் இதனை ‘மூன்றின் விதி’ என்பர்.

இவ்விதியை 6,637க்குப் பொருத்திப் பாருங்கள். ஏறக்குறைய 20,000 இளைஞருக்கு, அதுவும் 16 முதல் 19 வயதினருக்கு மட்டும், ஊசி போட்டிருத்தல் வேண்டும். பைசர் ஊசியின் பெரும் பரிசோதனையிற் சேர்ந்தோர் ஏறக்குறைய 44,000 பேர். அவர்களிற் பாதிப் பேருக்கே உண்மை மருந்து. மற்றப் பாதிக்கு வெறும் உப்புநீர். மருந்து பெற்ற 22,000 பேரிலும் பெண்கள் உண்டு, முதியோர் உண்டு, நடுவயதினர் உண்டு. எஞ்சிய பதின்வயது ஆண்கள் எத்தனை பேராக இருப்பர்? பின்னர் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் நடந்த பரிசோதனையில் மருந்து பெற்றோர் 1,131 பேர் மாத்திரமே. சிறு வலையில் பெருமீன் சிக்கும். பெருங்கடலில் எங்கோ ஒன்றிரண்டாய்த் திரியும் அரிய மீன் சிக்காது.

ஆகவே மருந்தொன்று வழக்கிற்கு வந்தபின் நடக்கும் கண்காணிப்பே அரிய தீங்குகளைக் காட்டும் விளக்கு. அவ்விளக்கு அணையாதிருத்தல் ஒவ்வொரு நாட்டின் கடமையாகும்.

ஏன் இளைஞருக்கு?

எம்.ஆர்.என்.ஏ. ஊசியில் வைரசு கிடையாது. வைரசின் மேலுள்ள முட்போன்ற புரதத்தை ஆக்குவதற்கான கட்டளையே அதில் உண்டு. நமது உடற்கலங்கள் அக்கட்டளையைப் படித்து அப்புரதத்தைச் சிறிது காலம் ஆக்குகின்றன. உடலின் நிர்ப்பீடனப் படை அதனைக் கண்டு பகைவனின் சாயலைக் கற்றுக்கொள்கின்றது. இளைஞரிடத்தில் இப்படை வலிமை மிக்கது. சிலரிடத்தில் அது வேண்டிய அளவுக்கு மேலாகப் பொங்கி எழுகின்றது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டில் இந்நோயாளரின் இரத்தத்தை ஆராய்ந்தனர். இருதயத்தைத் தாக்கும் தனிப்பட்ட எதிர்ப்பொருள் எதனையும் அவர்கள் காணவில்லை. மாறாக, அழற்சியைத் தூண்டும் தூதுப் பொருள்கள் அளவுக்கு மிஞ்சியிருக்கக் கண்டனர். மருந்தின் அளவு கூடிய இடத்தில் தீங்கும் கூடியது என்பது வேறு நாடுகளின் கணக்காலும் தெரிந்தது. பைசர் ஊசியில் 30 மைக்கிரோகிராம் மருந்து. மொடேர்னாவில் 100 மைக்கிரோகிராம். மொடேர்னாவின் பின்னரே இளைஞரிடத்தில் அழற்சி கூடுதலாகத் தோன்றியது. இரண்டு ஊசிகளுக்கும் இடைப்பட்ட நாட்கள் குறைந்தபோதும் அவ்வாறே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. ஈண்டு அது எழுத்துக்கெழுத்துப் பொருந்துகின்றது.

நோயா, ஊசியா?

இனி நான்காவது வினாவுக்கு வருவோம். ஊசி போடாதவன் பாதுகாப்பாக இருக்கின்றானா? கொரோனா நோயும் இருதயத் தசையை அழற்சிக்கு உள்ளாக்கும். இஸ்ரேலில் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் ஒன்றாகக் கொண்டு செய்த மற்றோர் ஆராய்ச்சியின்படி, ஊசியினால் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 3 பேர் கூடுதலாக இவ்வழற்சிக்கு ஆளாயினர். நோயினாலோ ஓர் இலட்சம் பேருக்கு 11 பேர் ஆளாயினர். அஃதன்றி, நோய் தருவன நுரையீரற் சேதம், இரத்தக் கட்டி, மரணம் என இன்னும் பல.

இத்தோடு நிறுத்திவிட்டாற் கூறுவோர்க்கு எளிது. ஆனால் நேர்மையாக மேலும் ஒன்று கூறவேண்டியுள்ளது. இங்கிலாந்தில் நான்கு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியான கணக்கு, 40 வயதுக்குக் குறைந்த ஆடவரிடத்தில் மொடேர்னாவின் இரண்டாவது ஊசி பத்து இலட்சம் பேருக்கு 97 பேரிடம் இருதயத் தசை அழற்சியைக் கூட்டியது எனக் காட்டிற்று. ஊசி போடுமுன் நோய் கண்ட அதே வயது ஆடவரிடத்தில் அத்தொகை 16. அதாவது, இந்த ஒரு பிரிவினருக்கு, இந்த ஒரு தீங்கைப் பொறுத்தவரையில், ஊசியே நோயைவிடக் கூடுதலாக இடர் செய்தது.

எழுபது வயதுப் பாட்டனாருக்கு இத்தராசு ஒரு பக்கமாகவே சாயும். ஊசியின் நன்மை மலையளவு, தீங்கு தினையளவு. பதினெட்டு வயதுப் பேரனுக்குத் தராசுத் தட்டுகள் அவ்வளவு தூரம் விலகி நிற்பதில்லை. எல்லார்க்கும் ஒரே விடை என்று கூறுதல் விஞ்ஞானம் ஆகாது.

நாடுகள் திருத்திக்கொண்ட முறை

இவ்வுண்மையை அறிந்த நாடுகள் வாளாவிருக்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆந் திகதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் இரு ஊசிகளின் குறிப்பிலும் இவ்வெச்சரிக்கையைச் சேர்த்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் சுவீடன் நாடு 1991ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்தோருக்கு மொடேர்னா போடுவதை நிறுத்தியது. பின்லாந்து 30 வயதுக்குக் குறைந்த ஆடவருக்கு நிறுத்தியது. ஊசியையே கைவிடாது, அவ்வயதினருக்குப் பைசரைக் கொடுத்தனர். இரண்டு ஊசிகளுக்கும் இடையே எட்டு வாரம் விடுதல் சில வாலிபருக்கு நலம் பயக்கலாம் என 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவும் கூறிற்று.

காலம் செல்லச் செல்லத் தொகையும் குறைந்தது. 2023–2024ஆம் ஆண்டு ஊசிகளை ஆராய்ந்து, 12 முதல் 24 வயது வரையான ஆடவரில் பத்து இலட்சம் ஊசிகளுக்கு ஏறக்குறைய 27 பேர் என்னும் தொகையை 2025ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் குறிப்பிற் பொறித்தனர்.

நமது இலங்கையில் 2021ஆம் ஆண்டில் மிகப் பலருக்கு ஏற்றப்பட்டது சினோபாம் ஊசி. அது செயலிழக்கச் செய்த வைரசால் ஆனது; எம்.ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்ததன்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவ்வாண்டின் பிற்பகுதியில் போடப்பட்டது பைசர். ஆதலால் நமது இல்லங்களிலும் இது அறிந்திருக்கவேண்டிய செய்தியே.

பெற்றோர் அறியவேண்டியவை

இவ்வகை ஊசி போட்ட பின் வரும் அழற்சி, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் தோன்றும். ஒரு வாரத்துக்குள் தோன்றாவிடின் பின்னர் தோன்றுதல் அரிது. மார்பில் வலி, மூச்சு முட்டல், நெஞ்சு படபடத்தல் என்பன அதன் குறிகள். கை நோதல், ஒரு நாட் காய்ச்சல், உடல் அலுப்பு என்பன யாவருக்கும் வருவன. அவை அஞ்சத்தக்கன அல்ல. ஆயின் மார்வலியை ‘வாய்வு’ என்று எண்ணிக் கசாயம் கொடுத்து வீட்டில் இருத்திவைத்தல் தகாது. வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊசி போட்ட நாளை வைத்தியரிடம் மறவாது கூறுங்கள்.

அங்கே இருதயத்தின் மின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.சி.ஜி. எடுப்பர். இருதயத் தசை நொந்தால் இரத்தத்தில் கசியும் ட்ரொப்போனின் என்னும் புரதத்தை அளப்பர். வேண்டுமாயின் எம்.ஆர்.ஐ. படமும் பிடிப்பர். பலருக்கு ஓய்வும் அழற்சி தணிக்கும் மாத்திரையுமே போதுமானவை.

ஓய்வு என்பதை இளைஞர் இலேசாக எண்ணிவிடுகின்றனர். மூன்று முதல் ஆறு மாதம் வரை ஓட்டம், உதைபந்தாட்டம் முதலிய கடும் பயிற்சிகளை விடுத்தல் வேண்டும். அழன்ற தசை ஆறுமுன் அதனைக் கடுமையாக வேலை வாங்கினால் இருதயத் துடிப்பு திடீரெனக் குழம்பி உயிருக்கே இடர் வரக்கூடும். அமெரிக்காவில் இந்நோய் கண்ட 12 முதல் 29 வயது வரையானோரைக் குறைந்தது மூன்று மாதங்களின் பின் விசாரித்தபோது, நூற்றுக்கு 81 பேர் குணமடைந்துவிட்டதாக அவர்களின் வைத்தியர்கள் கூறினர். எஞ்சியோருக்கு இன்னும் கவனிப்பு வேண்டியிருந்தது. சிலரின் இருதயத் தசையில் சிறு தழும்பு மாதக்கணக்காகத் தெரிகின்றது. ஆகவே வலி நின்றவுடன் வைத்தியரை மறந்துவிடாது, அவர் குறித்த நாட்களில் மீண்டும் சென்று காட்டுதல் அவசியம்.

ஒரு முறை ஊசியால் இவ்வழற்சி கண்டவர் அடுத்த ஊசியைப் போடுவதா விடுவதா என்பதைத் தாமாகத் தீர்மானித்தலும் ஆகாது. அவரைப் பார்த்த இருதய வைத்தியரே அதனைக் கூறுதல் வேண்டும்.

மறைத்தலும் மிகைத்தலும்

இவ்விடயத்தில் இருவகையினர் தீங்கு செய்கின்றனர். ஒரு சாரார், மக்கள் அஞ்சி ஊசியை வெறுப்பர் என்றெண்ணி இத்தீங்கைப் பற்றி வாய் திறவாதவர். மற்றொரு சாரார், எங்கேனும் ஓர் இளைஞன் மைதானத்தில் மயங்கி விழுந்தால் காரணம் அறியுமுன்னரே ஊசியின் மேற் பழியைச் சுமத்துபவர். முதலாமவர் மறைத்தது ஒருநாள் வெளிப்படும்போது, அவர் கூறிய மெய்களையும் மக்கள் பொய்யெனத் தள்ளுவர். இரண்டாமவரின் கூச்சலைக் கேட்ட தாய், கொரோனா ஊசியோடு நில்லாது சின்னமுத்து, தொண்டைக்கரப்பன், குக்கல் முதலியவற்றுக்கான ஊசிகளையும் குழந்தைக்கு மறுப்பாள். அவ்வூசிகளுக்கும் இக்கணக்குக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விலை கொடுக்கப்போவதோ குழந்தை.

கணக்கை அறிந்தவனுக்கு இவ்விருவரின் பேச்சும் வேண்டியதில்லை. 6,637இல் ஒருவர் என்பது பூச்சியமும் அன்று, பூதமும் அன்று. அது ஓர் எண். அவ்வெண்ணைப் பிள்ளையின் வயதோடும், உடல்நிலையோடும், ஊரில் அப்போதுள்ள நோயின் நிலையோடும் வைத்து நிறுத்துப் பார்ப்பதே அறிவுடையோர் செயல். ஊசி போடுமுன் வைத்தியரிடம், “என் மகனின் வயதுக்கு இதனால் வரும் நன்மை என்ன, இடர் என்ன?” என்று பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை சொல்வது வைத்தியரின் கடமை. அதனைக் கேட்பது பெற்றோரின் உரிமை.